கலவன் நீக்கிய கதிர்: விதை பற்றி வாசகர்கள் கேட்டவை

விதைச் சான்று அலுவலராகத் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் 29 வருஷம் வரப்பு வரப்பாக நடந்தவள் நான். பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம். ‘விதை பற்றிக் கேளுங்கள்’ என்று சென்ற இதழில் அறிவிப்பு வந்ததும் கடிதங்கள் கட்டுக் கட்டாக வந்துவிட்டன. குறுவை கதிர் வாங்கும் நேரம், சம்பாவுக்கு நாற்று விடும் நேரமும் இதுதான். அதனால் நெல் பற்றிய கடிதங்களை முதலில் எடுத்துக்கொண்டேன்.

குறுவைக்கு நீல அட்டை போட்ட கோ 51 ரக விதை நெல் வாங்கி, மிஷின் நடவு போட்டேன். இப்போது கதிர் வந்த வயலில் ஆங்காங்கே ஒரு சாண் உயரமாகச் செடிகள் தெரிகின்றன. கடைக்காரரிடம் கேட்டால் யூரியா கூடிப்போச்சு என்கிறார். நம்பலாமா அம்மா?
*— ஒரத்தநாடு வாசகர்*

யூரியா கூடினால் வயலில் ஒரு திட்டு முழுவதும் கரும்பச்சையாகி உயரும். பக்கத்துச் செடியெல்லாம் அப்படியே இருக்க, ஒரு குத்து மட்டும் தனியாக ஒரு சாண் எழும்பி நிற்காது. அது வேறு ரகம். எங்கள் துறையில் ‘கலவன்’ என்போம்.

அந்தக் கலவன் மூட்டையிலிருந்து வந்ததா, உங்கள் மண்ணிலிருந்தே வந்ததா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மிஷின் நடவு என்று எழுதியிருப்பதால் அதைக் கண்டுபிடிப்பது எளிது. வயலுக்குள் இறங்கி, உயரமான செடி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நடவு வரிசைக்கு நடுவே, இரண்டு வரிசைக்கும் இடைப்பட்ட இடத்தில் நின்றால், போன போகத்தில் உதிர்ந்த நெல் தானாக முளைத்தது. அதற்கு விதையைக் குறை சொல்ல முடியாது. வரிசைக்குள், குத்தோடு குத்தாக நின்றால் நாற்றோடு வந்தது. தட்டு நாற்றுக்கு எடுத்த மண்ணில் பழைய நெல் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், மூட்டையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எத்தனை இருக்கிறது என்பதும் முக்கியம். எண்ணும் முறையைக் கடைசிக் கேள்விக்கான பதிலில் எழுதியிருக்கிறேன். அது விதைப்பண்ணைக்கு வகுத்த கணக்கு என்றாலும் உங்களுக்கும் ஓர் அளவுகோலாகும். ஆயிரம் கதிருக்கு இரண்டு மூன்று என்றால் பிடுங்கிப் போட்டுவிட்டு அறுத்துக்கொள்ளுங்கள். இருபது முப்பது என்றால் தாமதிக்க வேண்டாம்; அறுவடைக்கு முன்பே, பயிர் வயலில் நிற்கும்போதே, விதை ஆய்வாளருக்கு எழுதிக் கொடுங்கள். அறுத்த பிறகு காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. மூட்டையில் தைத்திருந்த அட்டை, ரசீது, வயலின் புகைப்படம் மூன்றும் வேண்டும். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012லேயே சொல்லிவிட்டது.

இந்த முறை அட்டையைத் தூக்கிப் போட்டிருந்தால், சம்பாவுக்காவது ஒன்று செய்யுங்கள். மூட்டையை அடிப்பக்கம் பிரியுங்கள். மேல்தையலும் அட்டையும் அப்படியே இருக்கட்டும். இரண்டு கைப்பிடி விதையை அதே பையில் விட்டு, அறுவடை முடியும்வரை எலி அண்டாத இடத்தில் வையுங்கள்.

மஞ்சள், வெள்ளை, நீலம் என்று அட்டைக்கு மூன்று நிறம் எதற்கு? கடையில் பச்சை அட்டையும் பார்த்தேனே?
*— மன்னார்குடி, வேளாண் பட்டயப் படிப்பு மாணவர்*

தம்பி, ஒரு ரகத்தின் பிறப்பிலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும். ஆடுதுறை 45 என்றால், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அந்த ரகத்துக்கே உரிய குணம் பிசகாத கதிர்களைப் பொறுக்கி, ஒரு கதிரின் மணிகளை ஒரே வரிசையாக நடுவார்கள். அந்த வரிசையில் ஒரு செடி பிசகினாலும் வரிசை முழுவதையும் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். கண் கலங்காமல் செய்ய வேண்டிய வேலை அது. மிஞ்சுவது கரு விதை. அதைப் பெருக்கினால் வல்லுநர் விதை, மஞ்சள் அட்டை. ரகத்தைப் பராமரிக்கும் விஞ்ஞானியே அதற்குப் பொறுப்பு. அதை அரசு விதைப்பண்ணையில் விதைத்தால் ஆதார விதை, வெள்ளை அட்டை. ஆதார விதையை விவசாயிகளின் விதைப்பண்ணையில் பெருக்கினால் சான்று விதை. வேளாண்மை விரிவாக்க மையத்தில் நீங்கள் வாங்குகிற நீல அட்டை அதுதான். பச்சை அட்டை உண்மைநிலை விதைக்கு. அதற்கு எங்களைப் போன்றவர்களின் வயலாய்வு கிடையாது. பையில் எழுதியிருக்கும் தரத்துக்கு விற்பவரே பொறுப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார். நெல்லில் ஒரு பங்கு விதை ஒரு போகத்தில் ஏறத்தாழ 80 பங்கு விதையாகும். ஒரு கிலோ மஞ்சள் அட்டை விதை 80 கிலோ வெள்ளை அட்டையாகி, அது 6,400 கிலோ நீல அட்டையாகும். குறுவைக்கு ஏக்கருக்கு 24 கிலோ என்று வைத்தால் 266 ஏக்கர். அந்த ஒரு கிலோவில் நேர்ந்த தப்பு 266 ஏக்கருக்குப் போகும். மேலே போகப் போகக் கெடுபிடி கூடுவது அதனால்தான். வயலில் கலவன் ஆதார விதைக்கு 0.05 சதவீதம், சான்று விதைக்கு 0.20 சதவீதம்தான் இருக்கலாம்.

சி.ஆர். 1009 எங்கள் ஊரில் பாட்டன் காலத்து நெல் மாதிரி ஆகிவிட்டது. இப்போது அதே பெயரோடு ‘சப் 1’ என்று ஒட்டுச் சேர்த்துத் தருகிறார்கள். வெள்ளத்தில் அழுகாது என்கிறார்கள். எப்படிச் செய்தார்கள்? மரபணு மாற்று நெல்லா?
*— சீர்காழி வாசகர்*

மரபணு மாற்று நெல் இல்லை ஐயா. நெல்லையும் நெல்லையும் சேர்த்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

சி.ஆர். என்பது அது பிறந்த கட்டாக் நிலையத்தின் அடையாள எழுத்து. ஒடிசாவின் கட்டாக்கில் அப்போது மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் என்றிருந்த, இன்றைய தேசிய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பங்கஜ், ஜெகந்நாத் இரண்டையும் இணைத்து எடுத்தது. அங்கே அதற்குச் சாவித்திரி என்று பெயர், நம் பக்கம் பொன்மணி. 155 நாளுக்கு மேல் வயலில் நிற்பதால் ஐப்பசி கார்த்திகை மழை முழுவதையும் தலையில் வாங்கும். எஃப்.ஆர். 13ஏ என்று இன்னொரு நெல், அதுவும் ஒடிசாவின் நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தது. விளைச்சலும் அரிசியும் சுமார்தான். ஆனால் இரண்டு வாரம் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தாலும் சாகாது.

சாதாரண நெல் முழுகினால் என்ன செய்யும்? மூச்சுக்குத் தவித்து, தலையை வெளியே நீட்ட வேகமாக வளரும். அந்த அவசரத்தில் தண்டில் இருந்த மாவுச்சத்து முழுவதும் தீர்ந்துபோகும். வெள்ளம் வடிந்ததும் துவண்டு விழுந்து அழுகும். எஃப்.ஆர். 13ஏயில் இருப்பது ‘சப் 1’ என்ற மரபணு. அது உள்ள பயிர் முழுகியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். சத்தைச் செலவழிக்காமல் அப்படியே கிடக்கும். தண்ணீர் வடிந்த பிறகு புதுத் தூர் விடும்.

அந்த ஒரு குணத்தை மட்டும் நம் பொன்மணிக்குள் கொண்டுவர வேண்டும். ஒட்டுச் சேர்ப்பதை ஆராய்ச்சி நிலையத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தாய்ச் செடி தொட்டியில் நிற்கும். கதிர் தொண்டையிலிருந்து பாதி வெளிவந்த நிலையில், மாலை நேரத்தில், நாளைக்குப் பூக்கப்போகிற மணிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நறுக்கிவிடுவார்கள். விட்ட ஒவ்வொரு மணியின் மேல் உமியில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரியால் சாய்வாக வெட்டுவார்கள். உள்ளே ஆறு மகரந்தப் பைகள் தெரியும், எள்ளைவிடச் சின்னதாக, வெளிர் மஞ்சளாக. கூரான இடுக்கியால் ஆறையும் எடுக்க வேண்டும். ஒன்று உள்ளே தங்கினாலும், இடுக்கி பட்டு ஒன்று உடைந்தாலும், அந்த மணி தன் மகரந்தத்திலேயே கருவுற்றுவிடும். நான் பார்த்த அன்று அந்தப் பெண் உதவியாளர் ஒரு கதிரை முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவர் நிமிரவில்லை. முடித்ததும் காகிதப் பை போட்டுக் கட்டி, தேதி எழுதினார். மறுநாள் காலை ஒன்பது, பத்து மணிக்கு நெல் பூ திறக்கும். அப்போது தந்தைச் செடியின் கதிரை அந்தப் பைக்குள் விட்டு மெல்லத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் விளையும் ஒட்டு மணியைப் பார்த்தால் தெரிந்துவிடும். உமி வெட்டுப்பட்டதால் மேல்பாதி அரிசி வெளியே தெரிந்தபடி இருக்கும்.

வழக்கமான ரகம் என்றால் அந்த மணியிலிருந்து ஆயிரக்கணக்கில் செடி வளர்த்து, ஒன்றுபோல் ஒன்று இல்லாத அந்தக் கூட்டத்தில் நல்லதைப் பொறுக்கி, ஆறேழு தலைமுறை நிலைப்படுத்த வேண்டும். பிறகு பல ஊர்களில் சோதனைத் திடல், விவசாயிகள் வயலில் சோதனை, ரக வெளியீட்டுக் குழு, அரசிதழ் அறிவிப்பு. பத்து வருஷம் என்பது சாதாரணம். சப் 1 ரகத்தில் வேலை வேறு மாதிரி. ஒட்டு கிடைத்ததும் அதைத் திரும்பத் திரும்பச் சி.ஆர். 1009 உடனேயே இணைப்பார்கள். ஒவ்வொரு முறையும் நாற்றின் இலையைக் கிள்ளி ஆய்வகத்தில் பார்த்து, சப் 1 மரபணு உள்ளதை மட்டும் வைத்துக்கொள்வார்கள். கடைசியில் கிடைப்பது அதே பொன்மணி. வெள்ளம் தாங்கும் குணம் மட்டும் கூடுதல்.

ஒன்று நினைவிருக்கட்டும். இரண்டு வாரம் தாங்கும் என்பது பயிர் வளரும் பருவத்தில். பூக்கும்போது முழுகினால் எந்த நெல்லானாலும் பதர்தான்.

நிலக்கடலை விதை மட்டும் எந்த வருஷமும் கேட்ட அளவு கிடைப்பதில்லையே, ஏன்?
*— விருத்தாசலம் வாசகர்*

நெல்லுக்குப் போட்ட அதே கணக்கு இங்கே காலை வாரிவிடுகிறது. கடலையில் ஒரு பங்கு விதை எட்டுப் பங்குதான் ஆகும். 1 கிலோ 8 ஆகி, 8 கிலோ 64 ஆகும். ஏக்கருக்குப் பருப்பாகவே 50 கிலோ வேண்டும். நெல்லில் 266 ஏக்கருக்குப் போன அதே ஒரு கிலோ, கடலையில் ஓர் ஏக்கரைத்தான் தாண்டும். போதாததற்கு, உடைத்த பருப்பு சீக்கிரம் முளைப்பு இழக்கும். காயாகவே வைத்திருந்து விதைப்புக்குச் சற்று முன்னால்தான் உடைக்க வேண்டும். அதனால் உங்கள் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து, ஆளுக்குக் கால் ஏக்கரில் கார்த்திகைப் பட்டத்துக்கு விதைக்கென்றே கடலை போட்டு வையுங்கள். எந்தக் கடையையும்விட அது நம்பகமானது.

வீட்டு விதையை வைத்துக்கொள்வது சட்டப்படி தப்பா? பக்கத்து வயல்காரருக்கு விற்கலாமா? பாரம்பரிய நெல் போடுகிறேன்.
*— திருத்துறைப்பூண்டி வாசகி*

தப்பே இல்லை அம்மா. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001ல் வந்தது. விளைந்த விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம் என்று அதன் 39வது பிரிவு உழவருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அந்தச் சட்டப்படி பாதுகாப்பில் இருக்கும் ரகத்துக்குப் பை அச்சடித்து, பெயர் போட்டு விற்பதைத்தான் அது தடுக்கிறது.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஐயா நடத்திய விதைத் திருவிழாவுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். இரண்டு கிலோ வாங்கிப் போனவர் மறு வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த ஒரு ஏற்பாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் திரும்ப வயலுக்கு வந்தன. 2018ல் அவர் மறைந்தார். நான் அரசு அட்டை கட்டிக் கொடுக்கும் வேலையில் இருந்தவள். அவர் வழி வேறு. ஆனாலும் ஒரு ரகத்தைப் பெயர் மாறாமல், கலப்பு இல்லாமல் அடுத்த கைக்குக் கொடுக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் வித்தியாசம் இருந்ததில்லை. மாப்பிள்ளைச் சம்பா என்று வாங்கி, கதிர் வந்த பிறகு மூன்று விதமான நெல்லைப் பார்த்து வருந்தியவர்களை எனக்குத் தெரியும். உங்கள் நெல்லுக்கு அட்டை தேவையில்லை. கலவன் எடுப்பது கட்டாயம் தேவை.

மக்காச்சோளம் ஹைப்ரிட் விதை விலை ஏறிக்கொண்டே போகிறது. விளைந்ததிலேயே நல்ல கதிரை எடுத்து வைத்து விதைத்தால் என்ன?
*— பெரம்பலூர் வாசகர்*

வேண்டாம். அடுத்த தலைமுறையில் நெட்டையும் குட்டையுமாகப் பிரியும், விளைச்சல் இறங்கும். நெல் தன் மகரந்தத்திலேயே கருவுறும் பயிர், அதனால் வீட்டு விதை எடுபடும். மக்காச்சோளம் காற்றில் வரும் மகரந்தத்தை வாங்கும் பயிர்.

விதை நெல்லை எப்படி வைத்தால் முளைப்பு கெடாது? சாக்கில் கட்டி, யூரியா மூட்டை இருக்கிற அறையில் வைத்த நெல் பாதிதான் முளைத்தது.
*— பேராவூரணி வாசகர்*

எங்கள் ஊரில் ஆச்சி விதைக் கோட்டை கட்டுவாள். வைக்கோலைப் பிரியாகத் திரித்து, நடுவில் நன்றாகக் காய்ந்த நெல்லைக் கொட்டி, உருண்டையாகச் சுற்றி இறுக்கி, மேலே சாணி மெழுகிக் காயவிடுவாள். நெல்லைக் காயப்போட்ட அன்று அவள் பல்லில் ஒரு மணியை வைத்துக் கடிப்பாள். ‘டக்’ என்று ஒடிந்தால்தான் கோட்டைக்குப் போகும். நசுங்கினால் மறுபடி முற்றத்துக்கு. நான் வேலையில் சேர்ந்த பிறகு மீட்டரில் பார்த்த ஈரப்பதத்தை அவள் பல்லில் பார்த்திருக்கிறாள்.

சாக்கு என்றால் 13 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். தரையில் நேரடியாக வைக்காமல் கட்டையின் மேல் அடுக்குங்கள். யூரியா மூட்டை இருக்கிற அறையில் வைக்கவே கூடாது. உங்கள் கடிதத்தில் அது ஒரு வரியாக வந்திருக்கிறது, கோளாறு அங்கேயும் இருக்கலாம். விதைப்புக்கு இரண்டு வாரம் முன்னால் நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பாருங்கள். 80 முளைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் விதைப் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுங்கள், சிறு கட்டணம்தான்.

எங்கள் மகளிர் குழுவில் ஆறு பேர் சேர்ந்து இந்தச் சம்பாவில் சான்று விதைப்பண்ணை போடலாம் என்றிருக்கிறோம். விலை கூடக் கிடைக்கும் என்று சொல்கிறார்கள். கஷ்டம் என்ன என்று சொல்லுங்கள் அம்மா.
*— திருவையாறு வாசகி*

போடுங்கள். மனசாரச் சொல்கிறேன்.

காகித வேலை கொஞ்சம்தான். ஆதார விதை வாங்கிய ரசீதையும் வெள்ளை அட்டையையும் பத்திரமாக வைத்து, விதைத்த 35 நாளுக்குள் விதைச் சான்று உதவி இயக்குநர் அலுவலகத்தில் பண்ணையைப் பதிவு செய்யுங்கள். பக்கத்து வயலில் வேறு நெல் இருந்தால் நடுவே மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். பூக்கும்போது ஒரு முறை, முதிர்ந்தபோது ஒரு முறை அலுவலர் வந்து பார்ப்பார்.

கஷ்டம் கலவனில்தான் இருக்கிறது. ஐந்து ஏக்கர் வரை ஐந்து இடங்களில் நின்று எண்ணுவோம், ஓர் இடத்துக்கு ஆயிரம் கதிர். மொத்தம் ஐயாயிரம் கதிரில் பத்து வரை கலவன் இருக்கலாம். 2004 சம்பாவில், பாபநாசம் பக்கம் ஒரு பெரியவரின் பண்ணை. பூக்கும்போதே போய்க் கலவனை எடுக்கச் சொல்லியிருந்தேன். ஆள் விட்டு எடுத்தும் இருந்தார். கடைசி ஆய்வில் எண்ணினால் 14. கூடுதலாக வந்தால் மறுபடி வேறு ஐந்து இடங்களில் எண்ண வேண்டும் என்பது விதி. எண்ணினேன், 13. பத்தாயிரத்தில் 27; இருபது வரைதான் இருக்கலாம். மறுநாள் அறுவடைக்கு மிஷின் சொல்லியாகிவிட்டது. ‘ஏழு கதிருக்காக இப்படிப் பண்றியேம்மா’ என்றார். கோபமாகக்கூட இல்லை, குரல் உடைந்துபோய்ச் சொன்னார். தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நெல் சாப்பாட்டு நெல்லாகக் கொள்முதல் நிலையத்துக்குப் போனது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் இன்று கேட்டாலும் அதே கையெழுத்தைத்தான் போடுவேன். அது நீல அட்டையோடு போயிருந்தால், ஒரத்தநாடு வாசகர் எழுதின மாதிரிக் கடிதத்தை வேறு ஒருவர் எழுதியிருப்பார்.

மறு வருஷம் அந்தப் பெரியவரே பதிவு செய்தார். நடவுக்கு முன் வயலில் தண்ணீர் கட்டி, உதிர்ந்து கிடந்த பழைய நெல்லை முளைக்கவிட்டு, இரண்டு முறை மடக்கி உழுதிருந்தார். அறுவடை மிஷின் முந்தின வயல் நெல்லோடு வரும் என்று, இறங்கும் முன்பே முழுதாகத் துடைக்க வைத்து, முதலில் கொட்டின இரண்டு மூட்டையைத் தனியே ஒதுக்கினார். அந்த வருஷம் ஐயாயிரத்தில் மூன்றுதான்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். கூலி ஆளை மட்டும் நம்பி விடாமல் ஆறு பேரும் சேர்ந்து இறங்குங்கள். கதிர் வெளிவந்ததிலிருந்து வாரம் ஒரு முறை. உயரம் மட்டும் பார்த்தால் போதாது. கதிருக்கு அடியில் இருக்கும் கடைசி இலையான கண்ணாடி இலை, மற்ற செடிகளில் எல்லாம் நிமிர்ந்திருக்க ஒன்றில் மட்டும் படுத்திருக்கும். மணியின் மூக்கில் நிறம் மாறும். மணியின் நுனியில் நீளும் முடியான மீசை, மீசை இல்லாத ரகத்தில் தெரியும். ஒரு கதிரைப் பார்த்தால் குத்தை முழுவதுமாக வேரோடு பிடுங்கி, வரப்பில் போடாமல் வயலுக்கு வெளியே கொண்டுபோங்கள். வரப்பில் போட்டால் உதிர்ந்து திரும்ப உள்ளேயே விழும்.

காலை ஏழு மணிக்கு இறங்கி ஒன்பதுக்குள் ஏறிவிடுங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நடந்தால் வேறு நிறக் கதிர் தூரத்திலேயே கண்ணில் படும்.